கடேஹுண்டிக் கரையில் கோயில் காளை

போன மாதம் மண் பாதுகாப்பு இலாகாவில் புதிதாகச் சேர்ந்த அதிகாரிகள் இருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். ஜீப்பில் வந்தார்கள். என் காலத்தில் அந்த இலாகாவுக்கு ஜீப்பும் கிடையாது, அந்தப் பெயரும் கிடையாது. மகாராஜா அரசாங்கத்தின் விவசாய இலாகாவில் ஒரு மூலையில் நாங்கள் சிலர் மண்வெட்டியும் குடையுமாகத் திரிந்துகொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

வந்தவர்களுக்கு ஒரு சந்தேகம். நஞ்சன்கூடு பக்கத்தில் சரிவு நிலங்களுக்குக் கரை போட அரசு உதவி கொடுக்கும்போது, கரைக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் தனியாகப் புல் வளர்க்கவும் மதிப்பீட்டில் இடம் விடுகிறார்கள். பழைய வழக்கம் என்கிறார்கள். எதற்கென்று கேட்டால் "பசவனுக்கு" என்று பதில் வருகிறதாம்.

"யார் சார் அந்தப் பசவன்? பெரிய விவசாயியா?" என்று கேட்டார் ஒருவர்.

"விவசாயி இல்லை, விருந்தாளி" என்றேன். அவர்கள் முகத்தைப் பார்த்தபின், முழுக்கதையையும் எழுதி வைத்துவிடுவதுதான் நல்லது என்று தோன்றியது.

என் அப்பா நஞ்சன்கூடு ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். நான் ரயிலுக்குப் போகாமல் விவசாயப் பள்ளிக்குப் போனேன். அங்கே கற்றதில் பாதியை வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்தார்கள், மீதியை மாடுகள் பின்னங்காலால் சொல்லிக்கொடுத்தன. வெளியே வந்ததும் பீல்டுமேன் உத்தியோகம் கிடைத்தது. தலைப்பாகை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அரசாங்கம் என்ன நினைக்கிறது என்று விவசாயிகளிடமும், விவசாயிகள் என்ன நினைக்கிறார்கள் என்று அரசாங்கத்திடமும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் என்னைத்தான் திட்டுவார்கள்.

நான் சேர்ந்த சில வருஷங்களில் கரைத் திட்டம் வந்தது. எங்கள் தாலூக்காவில் செம்மண் சரிவுகள் அதிகம். பலத்த மழை பெய்தால் மேல்மண் மூட்டை கட்டிக்கொண்டு கபினி ஆற்றுக்குக் கிளம்பிவிடும். அதைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே மண்கரை போடுகிறவர்களுக்கு அரசாங்கம் இரண்டு தவணையாக உதவி கொடுத்தது. முதல் தவணை மண்கரைக்கு. இரண்டாவது தவணை, அதிகப்படித் தண்ணீர் கரையை உடைக்காமல் இறங்கிப்போகக் கல்மடை கட்டுவதற்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு பரிசோதனை உண்டு. கரை நெடுக கொழுக்கட்டைப் புல் நட்டு வளர்த்திருக்க வேண்டும். அதில் மாடு மேய்ந்த அடையாளம் துளி தெரிந்தாலும் இரண்டாவது தவணை நின்றுவிடும். இந்தக் கடைசி விதியை எழுதியவர் மைசூரில் ஏதோ மாடி அறையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். மாடு மாடி ஏறாது அல்லவா.

பரிசோதனை செய்பவர் என் மேலதிகாரி சிங்கரய்யங்கார். மேல்கோட்டைப் பூர்வீகம். பஞ்சகச்சத்துக்கு மேல் கறுப்புக் கோட்டு, தலையில் சரிகைப் பேட்டா, நெற்றியில் பளிச்சென்று நாமம். கரையைப் பரிசோதிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் கரையின் ஒரு முனையில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை அழுத்தி அழுத்தி மறுமுனைவரை நடப்பார். குதிகால் புதைந்தால் மண்ணைச் சரியாக இடித்துக் கெட்டிப்படுத்தவில்லை என்று அர்த்தம். திரும்பி வரும்போது குடைக் கம்பியால் குத்திக்கொண்டே வருவார். கம்பி சுலபமாக இறங்கினால் எலி வளை. மூன்றாவது முறை குனிந்துகொண்டே வருவார், புல்லைப் பார்க்க. நுனி மழுங்கியிருக்கிறதா, குளம்புத் தடம் இருக்கிறதா, சாணி கிடக்கிறதா என்று தேடுவார். சாணி கிடந்தால் அது எத்தனை நாள் பழையது என்பதையும் முகர்ந்தே சொல்லிவிடுவார். பெரிய சரிகைப் பேட்டா கட்டிய மனுஷர் கரைமேல் குனிந்து சாணி முகர்வதை ஊரே வந்து நின்று பார்க்கும்.

இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக என்னை "ஓய்" என்பார். கொஞ்சம் கோபித்தால் "நீர்". கோபம் தலைக்கேறிவிட்டால் "தேவரீர்". ஒருமுறை எங்கள் பியூன் சித்தையா அவருடைய தண்ணீர்க் கூஜாவை வண்டியிலேயே மறந்துவிட்டான். "தேவரீர் திருவுள்ளம் இரங்கி அந்தக் கூஜாவைக் கொண்டுவரலாகாதா?" என்றார். சித்தையா ஒரு வாரம் தூங்கவில்லை.

இனி மாரப்பனைச் சொல்ல வேண்டும். கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்திலிருந்து வந்து, நஞ்சன்கூடு தாலூக்காவின் கோடியில் உள்ள கடேஹுண்டியில் குடியேறிய தமிழ்க் குடும்பம். கடைசிக் குடியிருப்பு என்பதுதான் அந்தப் பெயருக்குக் கன்னடத்தில் பொருள். அதற்கு அப்புறம் காடுதான். மாரப்பனுக்கு ஒரே ஒரு சரிவு நிலம். மேற்புறத்தில் மண் கரைந்து பாறை தலைகாட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு கோடைமழைக்கு அது தாங்காது என்பது எனக்கே தெரிந்தது. மண் போய்விட்டால் குடும்பத்தோடு ராமாபுரத்துக்குப் போய் மச்சான் வீட்டில் ஒண்ட வேண்டியதுதான்.

"மச்சான் சோறு போடுவானுங்க, இல்லைங்கல" என்பான் மாரப்பன். "ஆனா ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு புத்தி சொல்லுவானுங்க. அதத் தின்னு செரிக்கறதுக்கு எனக்கு வயிறு பத்தாதுங்க."

அவன் மனைவி செல்லாயி பேசவே மாட்டாள். மச்சான் என்பவர் அவளுடைய சொந்த அண்ணன். ஆனாலும் இருவருமாகச் சேர்ந்து மண்ணை இடித்து இடித்துக் கரையைக் கட்டினார்கள். மழை நின்ற பிறகும் ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து புல்லுக்கு ஊற்றினார்கள். சுற்றிலும் காய்ந்து கிடந்த மாசி மாதத்தில் அந்தக் கரை மட்டும் பச்சையாக நின்றது. பரிசோதனை தேறினால் சித்திரை மழைக்கு முன் கல்மடை எழும்பிவிடும். தேறாவிட்டால் மச்சான்.

அந்தப் பச்சையை மாரப்பனைப் போலவே ஆசையாகப் பார்த்த இன்னொரு ஜீவன் இருந்தது.

அந்த வட்டாரத்து மலைக்கோயில் ஒன்றுக்கு யாரோ நேர்ந்துவிட்ட காளை அது. பசவன் என்பார்கள். கொம்பு நுனியில் பித்தளைக் குப்பி, கழுத்தில் மணி, வயிறு மட்டும் ஒரு குதிருக்குக் காணும். முட்டாது, மிரளாது. நாம் நகரும்வரை நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். சாமி மாடு என்பதால் யாரும் அதை அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது, வாயால் "போ" என்றுகூடச் சொல்லக்கூடாது. ஓர் ஊரிலிருந்து அதை அனுப்ப ஒரே வழிதான் உண்டு. மாலை போட்டு, தமுக்கு அடித்து, அடுத்த ஊர் எல்லைக்கு அழைத்துப்போக வேண்டும். அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் கையால் அதற்கு வெல்லம் ஊட்ட வேண்டும். ஊட்டிவிட்டால் பசவன் அவருடைய விருந்தாளி. இன்னொரு கை வெல்லம் கொடுக்கும்வரை அவர்தான் பொறுப்பு. சாமி விருந்தாளியாக வாசலுக்கு வந்தபின் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

மற்றக் காலத்தில் இது பெரிய விஷயமே இல்லை. எந்த ஊரிலும் காளை இரண்டு நாள் இருக்கும், போகும். கரைத் திட்டம் வந்த வருஷம்தான் சிக்கலாயிற்று. மாசி மாதத்தில் பச்சை என்று இருந்தது அரசாங்கத்துப் புல் ஒன்றுதான்.

சிங்கரய்யங்காரின் சுற்றுப்பயணம் மூன்று ஊர்களுக்கு. முதலில் கெம்பனஹுண்டி, அடுத்து தொரெயஹுண்டி, கடைசியில் கடேஹுண்டி. எந்த நாளில் எந்த ஊர் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியது நான்தான். அதனால் என்ன விளையும் என்று எனக்குத் துளியும் தோன்றவில்லை.

கெம்பனஹுண்டியில் நாங்கள் நுழையும்போது தூரத்தில் தமுக்குச் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது. "ஏதாவது திருவிழாவா?" என்று கேட்டார் ஐயங்கார். ஊர்ப் படேல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் ஸ்வாமி, சின்னத் திருவிழா, இப்போதுதான் முடிந்தது என்றார். கரையில் புல் நன்றாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் புதிதாகப் பிடுங்கிவந்து செருகியிருந்தார்கள். ஐயங்கார் முகர்ந்து பார்த்தார். எல்லா இடத்திலும் சந்தனம் தெளித்திருந்தார்கள். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தேறியது.

மறுநாள் தொரெயஹுண்டி எல்லையில் நாங்கள் வண்டியிலிருந்து இறங்கியபோது எதிரே தமுக்கு, மாலை, தட்டில் தேங்காய் பழம், நாலைந்து பெரிய மனிதர்கள். ஐயங்கார் முகம் மலர்ந்துவிட்டது.

"பாரும் ஓய், சர்க்கார்மேலே இந்த ஜனங்களுக்கு எவ்வளவு பக்தி!" என்று என் காதில் சொல்லிவிட்டு, பேட்டாவைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்று, மாலைக்குக் கழுத்தைக் கொஞ்சம் நீட்டியும் கொடுத்தார்.

மாலை அவரைத் தாண்டிப் போயிற்று. பின்னால் மெதுவாக நடந்துவந்த காளையின் கழுத்தில் விழுந்தது. தமுக்கு அவரைச் சுற்றிக்கொண்டு கடேஹுண்டிப் பாதையில் நகர்ந்தது. காளை அவர் பக்கத்தில் ஒரு கணம் நின்று, சரிகைப் பேட்டாவை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. சித்தையா வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன்.

"தேவரீர் அங்கே மேலே என்னத்தைச் சேவிக்கிறது?" என்றார் ஐயங்கார் என்னிடம்.

தொரெயஹுண்டிக் கரையும் தேறியது. ஆனால் காளை போன பாதையில் ஒரே ஓர் ஊர்தான் பாக்கி.

மூன்றாம் நாள் காலை கடேஹுண்டியில் தமுக்கும் இல்லை, சந்தனமும் இல்லை. மாரப்பனின் கரைமேல் பசவன் நின்றுகொண்டிருந்தது. தின்றுகொண்டிருந்தது என்று சொல்வதுதான் சரி. கரையில் முக்கால்வாசி மொட்டை. கீழே செல்லாயி கைகூப்பிக்கொண்டு நின்றாள். மாரப்பன் காளையிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"சாமி, போதுமுங்க சாமி. இந்தப்பக்கம் சோளத்தட்டு வெச்சிருக்கறனுங்க, ஒருக்கா வந்து பாருங்க. வேண்டாமுங்களா? செரி, அப்பறம் அந்த நுனியாச்சும் உடுங்க."

சாமி நுனியை விடவில்லை.

ஐயங்கார் கரையையும் காளையையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னங்காணும் இது? மாட்டை ஓட்டச் சொல்லும்!" என்றார். நான் சித்தையாவைப் பார்த்தேன். "எனக்குப் புள்ளைகுட்டி இருக்குது, சாமி" என்று அவன் நாலடி பின்னால் போனான். மாரப்பனும் தலையை ஆட்டினான். கடைசியில் ஐயங்காரே குடையை விரித்துக்கொண்டு கரைமேல் ஏறி, காளைக்கு முன்னால் நின்று, "தேவரீர் கொஞ்சம் அந்தண்டை எழுந்தருளணும்" என்றார். எவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரிந்தது. காளை குடையின் ஓரத்தைக் கடித்துப் பார்த்தது. துணி பிடிக்கவில்லை போலும், திரும்பவும் புல்லுக்கே போய்விட்டது.

"விதி விதிதான்" என்று இறங்கிவந்தார் ஐயங்கார். "மாடு மேய்ந்த அடையாளம் என்ன, மாடே நிற்கிறது. இரண்டாம் தவணைக்கு இடமில்லை."

மாரப்பன் கரையோரம் குந்தி உட்கார்ந்து, ஒரு கை மண்ணை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்துத் தட்டினான். சட்டப்படி ஐயங்கார் சொன்னது சரி. அந்தச் சரிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் செல்லாயி வீட்டுக்குள்ளே போய் ஒரு பித்தளைத் தட்டோடு வந்தாள். தட்டில் அச்சுவெல்லம். மாரப்பன் காதில் ஏதோ சொன்னாள். நான் அறிந்தவரை அன்று அவள் பேசியது அவ்வளவுதான். மாரப்பன் எழுந்து மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஐயங்கார் முன்னால் வந்தான்.

"தவணை போனாப் போச்சுங்க. பசவன் கரையைவிட்டு எறங்கோணுமுன்னா, பெரியவங்க கையால ஒரு வெல்லம் வெச்சுக் கூப்புடோணுமுங்க. எங்க கைக்கு எறங்கமாட்டேங்குதுங்க. நீங்க ராசா அனுப்பிச்ச பெரியவங்க."

முந்தின நாள் பூமாலை தவறிப்போன வருத்தம் ஐயங்காருக்கு இன்னும் இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு வெல்லத்தை எடுத்தார். நான் தடுத்திருக்கலாம். வாயைத் திறந்தேன். செல்லாயி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

காளை இறங்கி வந்தது. ஐயங்கார் கையை விரல்வரை நக்கி வெல்லத்தைத் தின்றது. அந்த நிமிஷமே எங்கிருந்தோ தமுக்கு வந்தது, மாலை வந்தது, ஊரே வந்தது. இந்தத் தடவை மாலைகள் இரண்டு. ஒன்று காளைக்கு, ஒன்று ஐயங்காருக்கு. அவர் பூரித்துப்போனார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஊர்வலம் நிற்கவில்லை, எங்களுக்குப் பின்னாலேயே வருகிறது என்பதைக் கவனித்தார்.

"ஓய், இவாளெல்லாம் எங்கே வரா?"

"நஞ்சன்கூட்டுக்கு, ஸ்வாமி. உங்கள் விருந்தாளியைக் கொண்டுவிட."

விஷயத்தை விளக்கினேன். கேட்டு முடித்ததும் அவர் என்னை ஓய் என்றும் கூப்பிடவில்லை, தேவரீர் என்றும் கூப்பிடவில்லை. நான் ஊர்வலத்தோடு வந்த மாரப்பனிடம், என்னப்பா இப்படிச் செய்துவிட்டாய் என்றேன்.

"நான் என்னங்க பண்ணட்டும்? அக்கட்ட ஊரு இருந்தா அங்க அனுப்பியிருப்பனுங்க. எங்களுக்கு அப்பறம் சர்க்காருதானுங்க இருந்துச்சு" என்றான்.

நஞ்சன்கூட்டில் எங்கள் முகாமுக்குப் பின்னால் ஒரு நாற்றங்கால் இருந்தது. மூன்று ஊருக்கும் கொழுக்கட்டைப் புல் அங்கிருந்துதான் போயிற்று. ஐயங்கார் அதற்குத் தம் கையாலேயே தண்ணீர் விடுவார், தினமும் இரண்டு வேளை. அந்த வாரக் கடைசியில் மைசூரிலிருந்து இலாகாத் தலைவர் அதைப் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்குப் படல் வேலிதான். படலைத் திறக்கும் பழக்கம் பசவனுக்கு இல்லை. படல் வழியாகவே நடந்துபோய்விட்டது.

தலைவர் வந்து இறங்கியபோது நாற்றங்கால் சவரம் செய்த முகமாக இருந்தது. நடுவே விருந்தாளி அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு ஐயங்கார் உட்கார்ந்திருந்தார். அந்த நாலைந்து நாளில் வெல்லத்தட்டோடு வீடு வீடாகப் போய், யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்காத ஆள் இல்லை. நஞ்சன்கூட்டுக்காரர்கள் விவரமானவர்கள். பெரியவர் விருந்தாளியை நாங்கள் பிரிக்கலாமா என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

தலைவர் பருத்த உடம்புக்காரர், கறாரானவர். "நம் விதிப்படி இந்த நாற்றங்காலுக்கும் உதவியை நிறுத்த வேண்டியதுதானே?" என்றார்.

ஐயங்கார் எழுந்தார். "நுனியைப் பார்க்க வேண்டாம், ஸ்வாமி. இழுத்துப் பாருங்கோ" என்றார்.

தலைவர் குனிந்து ஒரு மொட்டைப் புல் குத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, கால்களை அகட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தார். தாள் அறுந்தது. வேர் அப்படியே நின்றது. தலைவர் மல்லாக்க விழுந்தார். விழுந்த இடம் பசவன் காலையில் பயன்படுத்திய இடம். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க நாங்கள் பட்ட பாடு பிரசவ வேதனை. பிறகு படுத்தவாக்கிலேயே அவர்தான் முதலில் சிரித்தார். சித்தையா அழுதே விட்டான்.

"மண்ணைப் பிடிக்கிறது வேர்தான், நுனி இல்லை" என்றார் தலைவர், கையை நீட்டி எங்களைத் தூக்கிவிடச் சொல்லிக்கொண்டே. "இனிமேல் இழுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனால் தயவுசெய்து மெலிந்தவர்களாகப் பார்த்து இழுக்கச் சொல்லுங்கள்."

விதி மாறியது. கரைக்கு வெளியே பசவனுக்கென்று ஒரு துண்டுப் புல்லும் விடச் சொன்னார்கள். விஷயம் கேள்விப்பட்டு அன்று சாயங்காலமே மலைக்கோயிலிலிருந்து ஆட்கள் வந்து தங்கள் கையால் வெல்லம் கொடுத்துக் காளையை அழைத்துப்போனார்கள். ஐயங்கார் வாசல்வரை வந்து வழியனுப்பினார். கொஞ்சம் வருத்தப்பட்டார் என்றுகூட எனக்குத் தோன்றியது.

மறுநாளே கடேஹுண்டிக்குப் போய் நான் இழுத்துப் பார்த்தேன். என் கைதான் எரிந்தது. மேய்ந்த இடமெல்லாம் தூர் கட்டியிருந்தது. இரண்டாம் தவணை வந்தது. கொத்தனார் வந்து கல்மடை கட்டி முடிக்கும்போது மேற்கே மேகம் கறுத்துவிட்டது.

சித்திரை மழை அந்த வருஷம் பேய்மழை. விட்டதும் விடாததுமாக ஐயங்காரே என்னைக் கூப்பிட்டு வண்டியைக் கட்டச் சொன்னார். பரிசோதனை எதுவும் பாக்கியில்லையே என்றேன். "வாரும் ஓய், பேசாமல்" என்றார். வழியெங்கும் ஓடைகள் செக்கச்செவேல் என்று ஓடின. யாருடைய வயலோ போய்க்கொண்டிருந்தது. கடேஹுண்டி நெருங்க நெருங்க நாங்கள் இருவரும் வண்டிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டோம்.

கரை நின்றது. கரைக்கு உட்புறம் வயல் நிறையத் தண்ணீர் தேங்கி, கல்மடை வழியாக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய தண்ணீரில் அடியிலிருந்த கல் தெரிந்தது. மடைக்குப் பக்கத்தில் மாரப்பனும் செல்லாயியும் ஒரே சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தார்கள். ஐயங்கார் மகிழ்ச்சி தாங்காமல் "மாரப்பா!" என்று கத்திக்கொண்டே தபதபவென்று ஓடினார். மாரப்பன் திரும்பி, உதட்டில் விரலை வைத்தான்.

"மெல்ல வாங்க சாமி. அதிர நடக்காதீங்க" என்றான். "எம்பட மண்ணு இப்பத்தானுங்க உக்காருது."

சரிகைப் பேட்டாவும் கறுப்புக் கோட்டுமாகச் சிங்கரய்யங்கார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தச் சேற்றில் நுனிக்காலில் நடந்தார்.